துரும்பு கிள்ள ஒரு கை

பம்பாய்க்கு வேலை தேடிப் போன என் புருஷன் போனவன்தான். ஆறேழு வருஷம் ஆகியும் ஒரு தகவலும் இல்லை. சிகந்திராபாத்தில் ரயில்வே பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறை வீட்டில் நானும் மாமியாரும் இருந்தோம். பட்டறையில் வேலை பார்த்த தனிக்கட்டைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டுப் பிழைத்தோம். அந்த வேலை எனக்குச் சலிக்கவில்லை. குழாயடியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "சேதி எதுனா வந்துச்சா?" என்று கேட்டதுதான் சலித்துப்போனது. காணாமல் போனது அவன், பதில் சொல்ல வேண்டியவள் நான்.

அவனோடு உறவை அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். இந்துப் பெண்ணுக்குக் கோர்ட்டில் அதற்கு இன்னும் சட்டம் வரவில்லை, உங்கள் பஞ்சாயத்தைப் போய்ப் பார் என்றார் ஒரு வக்கீல் குமாஸ்தா. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் முன்னால் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் கொடுத்தால் உறவு தீர்ந்தது. ஆனால் கிள்ளுவதற்குப் புருஷன் வேண்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்தார் கூடினார்கள். எங்கள் பெரியதனக்காரர் எடுத்த எடுப்பில், "யாரும்மா அந்த ஆளு?" என்றார்.

"எந்த ஆளும் இல்ல. காத்துக்கினு இருந்து அலுத்துப்போச்சு, அவ்ளோதான்."

அவர் நம்பவில்லை. ஆள் இல்லாமல் ஒருத்தி இதற்கு வருவாளா என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் செத்துட்டான்னு வச்சிக்க. தாலியக் கழட்டிட்டா வேலை சுலுவா முடிஞ்சிடும்," என்றார் பெரியதனக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உசுரோட கீறானா இல்லியான்னே தெரியாதவனுக்கு நான் ஒப்பாரி வைக்கணுமா? நக்கோ." வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருது தானாக வாயில் வந்துவிட்டது. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கூடிக்கூடிப் பேசினார்கள். கடைசியில், "பெத்தவ கையால கிள்ளினாலும் செல்லும்," என்றார் பெரியதனக்காரர். எல்லோரும் என்னோடு வந்திருந்த மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு மகனை விட்டால் நான்தான். கிள்ளிவிட்டால் நானும் இல்லை. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாய் திறப்பதற்குள் அவளே எழுந்துவிட்டாள்.

"குடுங்க, நான் கிள்றேன். வருவான் வருவான்னு சொல்லி நானும் ஓஞ்சிட்டேன்."

துரும்பு யாரும் கொண்டுவரவில்லை. ஒருவர் கோயில் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். ஈர்க்கு துரும்பாகுமா என்று அதற்கு ஒரு வாக்குவாதம். பிறகு வாசலில் நின்ற ஜட்கா குதிரைக்குப் போட்டிருந்த புல்லில் ஒன்றை எடுத்து வந்தார்கள். மாமியார் அதைக் கிள்ளி ஒரு பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். நான் தாலியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம். நான் கதவைத் திறந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் அவள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அத்தனை வருஷமாக என்னை வாடி போடி என்றவள்.

"உள்ள வரலாமாம்மா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எப்போதும்போல 'வா அத்தே' என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முறையைத்தானே அறுத்துவிட்டு வந்திருக்கிறோம். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"வாங்க," என்றேன்.