பாதி முகம் சிரித்த ஞாயிற்றுக்கிழமை

போன வருடம், மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. நாங்கள் இருப்பது கோலார் தங்க வயலில், மைசூர் மைன்ஸ் பக்கம். நானும் என் கணவரும் பெங்களூரில் வேலை பார்க்கிறோம். விடியும் முன்னே ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்பது ஞாயிறு ஒருநாள்தான்.

என் கணவருக்கு ஒரு சீன நடிகரின் மேல் அப்படியொரு பிரியம். சண்டையும் போடுவார், வயிறு வலிக்கச் சிரிக்கவும் வைப்பார், அந்த நடிகர். அவர் படங்களைத் தமிழில் டப் செய்து டிவியில் எத்தனை முறை போட்டாலும் இவர் புதுப் படம் போலப் பார்ப்பார். அடி வாங்கியதும் அந்த நடிகர் முகத்தை அஷ்டகோணலாக்குவதை அப்படியே செய்து காட்டுவார். கல்யாணமான புதிதில் எரிச்சலாக இருந்தது. போகப் போக நானும் ரசிகையாகிவிட்டேன்.

அன்று இரண்டு மணிக்குப் படம். ஹோட்டல் சர்வராக வரும் ஹீரோ, கையில் அடுக்கிய தட்டுகளைக் கீழே போடாமலே ரவுடிகளை உதைக்கும் காட்சி வந்தது. இவர் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு விளம்பரம் வந்தது. அது முடிந்து, ஹீரோ மாவு மூட்டைக்குள் தலைகுப்புற விழுந்தார். இவரும் சிரித்தார். ஆனால் வாய் ஒரு பக்கம்தான் போனது. வழக்கம்போல நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

திரையில் காட்சி மாறியது. இவர் முகம் மாறவில்லை.

“இன்னாங்க, போதும், விளையாடாதீங்க” என்றேன்.

“இன்னாடி ஆச்சு? நான் இன்னா பண்ணேன்?” என்றார். வார்த்தைகள் குழறின. வலது கையிலிருந்த ரிமோட் நழுவி விழுந்தது. “தூக்கம் வருது. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்” என்று எழப் பார்த்தவரால் எழ முடியவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் வாடகைக் கார் ஓட்டுபவர். என் கூச்சல் கேட்டு, போட்டது போட்டபடி ஓடி வந்தார். முதலில் இங்கேயே யாரிடமாவது காட்டலாமா என்று கேட்டேன். “வேணாம்மா. அங்கயும் இங்கயும் நின்னா நேரம் போயிடும். நேரா கோலார் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றார். மழையில் அவர் ஓட்டிய ஓட்டத்தை என்னால் மறக்கவே முடியாது. நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கை என் கையைத் திரும்பப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் முதலில் கேட்டது, “யாவாக ஷுரு ஆயித்தம்மா?” எப்போது ஆரம்பித்தது என்று. நான் கடிகாரத்தைப் பார்த்திருக்கவில்லை. படத்தின் கதையைத்தான் கன்னடமும் தமிழுமாகக் கலந்து சொன்னேன். தட்டுச் சண்டை வந்தபோது நன்றாகச் சிரித்தார், மூட்டையில் விழுந்தபோது வாய் கோணிவிட்டது என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. படம் எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று மட்டும் கேட்டு, மனதுக்குள் கணக்குப் போட்டார். பிறகு பக்கத்தில் நின்ற நர்ஸிடம், “டைம் இருக்கு. சீக்கிரம் ஸ்கேன்” என்றார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அதைக் கரைக்கும் ஊசியைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்று பிறகு விளக்கினார்கள். இவருக்கு அந்த நேரத்துக்குள் போட்டுவிட்டார்கள். பலர் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டுத் தாமதமாக வருகிறார்களாம்.

மறுநாள் காலை டாக்டர் வந்து, “எங்க, சிரிங்க பார்க்கலாம்” என்றார். இவர் சிரித்தார். வாயின் இரண்டு ஓரமும் மேலே போயின. ஒன்று கொஞ்சம் மெதுவாக. நான் வராந்தாவுக்கு வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். கார் ஓட்டிய அண்ணன் பதறிப்போய், “இன்னாம்மா?” என்றார். “சிரிக்கிறாருண்ணா” என்றேன்.

பேச்சும் கையும் தேற சில மாதங்கள் ஆயின. இப்போது மறுபடி ரயிலேறி வேலைக்குப் போகிறார்.

எங்கள் ஊரின் பெயரைக்கூடக் கேட்டிராத அந்த நடிகர் அன்று இவரைச் சிரிக்க வைத்திராவிட்டால், களைப்பில் தூங்கட்டும் என்று நானே போர்வை போர்த்திவிட்டிருப்பேன் என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு ஒரு பெருமூச்சு வருகிறது.