வளைவுக்கு முன்னால் ஒரு கூப்பாடு

பின்லாந்தின் தம்பெரே நகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில், யாராவது படி இறங்கும் சத்தம் கேட்டால் மற்றவர்கள் கதவைத் திறப்பதில்லை. அவர் போய்த் தெருக்கதவு சாத்திய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். பகை ஒன்றும் கிடையாது. ஒருவர் வழியில் இன்னொருவர் குறுக்கிடாமல் இருப்பதுதான் இங்கே மரியாதை. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. படி திரும்பும் இடம் வந்ததும் என் தொண்டை தானாக "ஹோய்" என்றுவிடும். ஒருநாள் இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மையார் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்புக்கு என்ன, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டார். "ஒன்றுமில்லை, நான் வருகிறேன் என்று சொன்னேன்" என்றேன். "யாரிடம்?" என்றார்.

சேரங்கோட்டு மலையில் தேயிலைத் தோட்டத்துக்குள் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவரின் குடைகூடத் தெரியாது. லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பிள்ளைகளை பஸ் நிற்கும் இடம்வரை அப்பாதான் கூட்டிப்போவார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நின்று ஒரு கூப்பாடு போடுவார். அந்தப் பக்கம் காட்டெருமை நின்றால் விலகிப் போகட்டும் என்றுதான். "அதுக்கு நம்ம மேல என்னா கோவம் மகன்? திடீர்னு மூஞ்சிக்கு நேரா போய் நின்னா யாருக்குத்தான் பயம் வராது?" என்பார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். பிள்ளைகளை "மகன்" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் பார்த்தவன் நான். என்னை அதுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கூப்பாடு.

இப்போது நான் வேலை பார்ப்பது பழைய பஞ்சாலை ஒன்றின் ஓர் அறையில். கணினி விளையாட்டு செய்கிறோம், மொத்தமே நான்கு பேர். பெரிய கம்பெனியின் பணம் கிடையாது. ரோல்பிளேயிங் கேம் என்பார்கள்; ஆடுகிறவர் கதைக்குள் ஒரு ஆளாகவே மாறி, ஊர் ஊராக நடந்து, பேசி, முடிவெடுத்துப் போக வேண்டும். இப்படிச் சின்னக் குழுக்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மேல்மாடியில் அக்காவும் தங்கையுமாக இருவர் ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியின் கதையைப் பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் கதையில் ஒருவன் மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு நாடு கடக்கிறான். அதில் மலை அத்தியாயம் என் பொறுப்பு. லயம் வைத்தேன், பாக்டரி வைத்தேன், பனி வைத்தேன். கூப்பாடு போட ஒரு பொத்தானும் வைத்தேன். வளைவுக்கு முன்னால் அதை அழுத்தினால் காட்டெருமை ஒதுங்கும். சத்தமில்லாமல் போனால் முட்டும்.

ஆடிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முட்டு வாங்கினார்கள். இந்த மாதிரி விளையாட்டுகளில் ஆபத்து என்றால் குனிந்து, பதுங்கி நகர வேண்டும் என்று பழகிய கைகள். "கத்தினால் நான் இருக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிடுமே?" என்று ஒருவர் கேட்டார். "தெரியத்தான் வேண்டும்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எங்கள் குழுவை நடத்தும் மிக்கோ நல்ல மனிதர். ஒரு வாக்கியம் பேச ஒரு காபி குடிப்பார். "மலை அழகா இருக்கு. ஆனா யாரும் தாண்டல. கையில ஒரு வில் கொடுத்துடு, எருமையைக் கொன்னுட்டுப் போகட்டும்."

"எங்க ஊர்ல அதை யாரும் கொல்ல மாட்டாங்க."

மிக்கோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படின்னா நம்ம கேமை எல்லாருக்கும் காட்டப்போற கண்காட்சிக்குள்ள வேற வழி கண்டுபிடி. முடியலைன்னா மலையை எடுத்துட்டு ஒரு சுரங்கப்பாதையை வைக்கணும்." குரலில் துளி கோபம் இல்லை. நான் பிறந்த மலையை ஒரு விரலால் அழித்துவிடலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதுவரை விளையாட்டில் இருந்தது என் குரல். கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தது; கடைசி பஸ்ஸை நிறுத்தக் கத்துகிறவனைப் போல இருந்தது. ஒருவேளை குரல்தான் குறையோ என்று அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, வளைவுல ஒரு சத்தம் குடுப்பீங்களே, அதைப் பதிஞ்சு அனுப்புங்க. கேமுக்கு வேணும்."

"இம்புட்டுப் படிச்சிட்டு என் கூப்பாட்டையா கேக்குற?"

பின்னாலிருந்து அம்மா குரல்: "வீட்டுக்குள்ள கத்தித் தொலைச்சிறாதீங்க, லயமே ஓடியாந்துரும்!"

மறுநாள் பதிவு வந்தது. காற்று, செருப்புச் சத்தம், ஒரு செருமல், பிறகு நீளமாக அந்த "ஹோ...ய்". அதோடு வெட்டிவிடலாம் என்று கை வைத்தேன். எதிர்ச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ராணி அத்தையின் குரல் கேட்டது.

"யாரு? அண்ணனா?"

"நாந்தாம்மா!"

"எங்கண்ணே போறீங்க?"

"எங்கயும் போகல. மகனுக்காகக் கத்துறேன்!"

"பின்லாந்துக்குக் கேக்கணும்னா இன்னும் ஓங்கிக் கத்துங்க!"

சரிவு முழுக்கப் பெண்கள் சிரித்தார்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் மலையில் இல்லாதது என்ன என்று புரிந்தது. கூப்பாட்டை நினைவில் வைத்திருந்தவன், அதற்கு வரும் பதிலை விட்டுவிட்டேன். பதிலே வராத பனிக்குள் யார் நம்பிக் கத்துவார்கள்? அப்பாவின் குரலை வைத்து, அதன் பின்னால் "யாரு? அண்ணனா?" என்பதையும் சேர்த்தேன். அத்தையிடம் சம்மதம் கேட்டபோது, "என் சத்தம் ப்ளேன் ஏறுதா மருமகனே? வரும்போது ஒரு ஸ்வெட்டர் வாங்கியா" என்றார். கீழே மொழிபெயர்ப்புப் போடவா என்று மிக்கோவைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டார். "வேண்டாம். அங்க யாரோ இருக்காங்க. அது போதும்."

கண்காட்சி மண்டபத்தில் ஐனோ என்றொரு மாணவி வந்து உட்கார்ந்தாள். முதலில் அவளும் பதுங்கித்தான் போனாள். வளைவில் தயங்கி நின்று, சும்மா பார்ப்போம் என்பதுபோலப் பொத்தானை அழுத்தினாள். அப்பாவின் கூப்பாடு பனிக்குள் போனது. சரிவிலிருந்து அத்தை கேட்டார். திரையில் குனிந்திருந்த ஆள் நிமிர்ந்தான். அதன்பிறகு ஒரு வளைவைக்கூட அவள் சும்மா கடக்கவில்லை. மலை தாண்டியதும் மிக்கோ என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பின்லாந்தில் அது திருவிழா.

ஐனோ மட்டும் எழுந்து போகவில்லை. திரும்பி மலைக்குள் நடந்து, காட்டெருமையே இல்லாத இடத்தில் நின்று மறுபடி அழுத்தினாள்.

"அந்த அம்மா என்ன கேட்கிறார்?"

"யாருன்னு கேக்கிறாங்க."

"நான் என்ன பதில் சொல்லணும்?"

அதற்கொரு பொத்தானை நான் செய்யவே இல்லை. அவள் மறுபடி அழுத்தினாள். "யாரு? அண்ணனா?" என்றார் அத்தை. "நாந்தான் அத்தை" என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. சொன்னால் இந்த மண்டபமே திரும்பிப் பார்க்கும்; அந்தச் சரிவில் ஒருவருக்கும் கேட்காது.