பின்னேரம் ஓடாத மில்

எங்கள் மில் பரந்தனிலிருந்து உள்ளே போனால் வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. நெல் குத்துகிற சின்ன மில். முன்பு எண்ணெய் எஞ்சினில் ஓடியது. மாரி காலத்தில் அதைக் கிளப்ப மூன்று ஆம்பிளைகள் வேண்டும். அது பெரிய கதை, இருக்கட்டும். இப்போது கரண்டில் ஓடுகிறது. நடத்துவது என் மகள்.

அவள்தான் கேட்டு, நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற மீற்றரைப் பூட்டுவித்தாள். ஊர் முழுக்க விளக்குப் போடுகிற பொழுதில் கரண்டு விலை கூட. மற்ற நேரங்களில் குறைவு. எல்லாரும் ஒன்றாக இழுத்தால் கரண்டு காணாதாம். பள்ளிக்கூடம் போகாத எனக்கும் அது விளங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைசி வயலுக்குச் சேறுகூட வராது; அதற்குத்தானே நாங்கள் முறைத்தண்ணீர் வைத்திருக்கிறோம். எங்கள் மெஷினைப் போட்டால் பக்கத்து ஒழுங்கை வீடுகளில் விளக்கு மங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் எங்கள் யாவாரம் அந்தப் பொழுதில்தான். பெண்கள் நெல்லை அவித்து, படங்கில் பரப்பிப் பகல் முழுக்கக் காயவிட்டு, பொழுதுபடத்தான் கொண்டுவருவார்கள். இனி மூட்டையை வைத்துவிட்டுப் போகட்டும், விடியக் குத்தலாம் என்றாள் மகள். இங்கே ஒருவரும் நெல்லை மில்லில் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். தன் நெல் குத்துப்படுவதைத் தானே நின்று பார்த்து, தன் அரிசியையும் மாட்டுக்குத் தன் தவிட்டையும் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். சரிவராவிட்டால் சந்தியில் இருக்கிற பெரிய மில்லுக்குப் போய்விடுவார்கள். பிறகு எங்களுக்கு என்ன பிழைப்பு?

முதல் நாள் வந்தது வாய்க்கால் முடிவில் வயல் செய்கிற அம்மா. வாய்க்காரி. சைக்கிளை நிறுத்தியபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணை, விட்டிட்டு வந்த சாமான் எதையாவது நாங்கள் திரும்பக் கண்டனாங்களோ? இப்ப நெல்லையும் விட்டிட்டுப் போகட்டாம்."

சண்டைக்குள் ஓடிப்போய்த் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கதவு நிலைகூட இருக்கவில்லை. மகள்தான் மெதுவாகச் சொன்னாள்:

"மாமி, மூட்டையை நீங்களே கட்டுங்கோ. விடிய வந்து நீங்களே அவிழுங்கோ. நீங்கள் வராமல் மெஷின் போடமாட்டன்."

அவர் பழைய சீலைக் கரையைக் கிழித்து மூட்டையைக் கட்டினார். அப்படியொரு முடிச்சு. அவிழ்க்கிறவனுக்கு நகம் போய்விடும். இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

விடிய நாங்கள் கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார். முடிச்சைத் தடவிப் பார்த்து, தானே அவிழ்த்து, அரிசி கொட்டும்வரை நின்றார். சூட்டோடு குத்தாமல் இராத்திரி ஆறவிட்ட நெல்லில் நொறுங்கிய குறுணல் குறைவாக விழுந்தது. அடுத்த கிழமை தங்கச்சிகாரியையும் கூட்டிவந்தார். மெல்ல மெல்லப் பின்னேரங்களில் எங்கள் கொட்டிலில் மூட்டைகள் நிறைந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டு முடிச்சு.

போன மாதம் பூநகரிப் பக்கத்து ஆள் ஒருவர் பொழுதுபடுகிற நேரம் நெல்லோடு வந்து, மில் ஏன் ஓடவில்லை என்று என்னைக் கேட்டார். தன் மூட்டையை இறக்கிக்கொண்டு நின்ற அந்த வாய்க்கார அம்மாதான் சொன்னார்:

"இஞ்ச பின்னேரம் ஓடாது தம்பி. கட்டி வைச்சிட்டுப் போங்கோ. ஒருத்தரும் தொடமாட்டினம்."

நான் உள்ளே போய் மகளைக் கூப்பிட்டு, அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.