பிளாஸ்க்கைப் பணயம் வைத்த சுல்மா

பால் கறக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவதுதான் சுல்மா எச்செவெரியின் பிழைப்பு. பைசாந்து வட்டாரத்து மாட்டுப் பண்ணைக்காரர்களுக்காக அவள் எழுதிய எல்லாக் கையேடுகளிலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "திரையில் வரும் செய்தியை முழுவதும் படித்த பிறகே பொத்தானை அழுத்தவும்." படிக்காமல் அழுத்திவிட்டுப் போனில் புலம்புகிறவர்களை அவள் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

ஆபீசில் அவளுக்கு இன்னொரு பதவியும் உண்டு. யாரும் கொடுக்காத, யாரும் பிடுங்கத் துணியாத பதவி. மாத்தே என்கிற கசப்பு மூலிகைத் தேநீரை எல்லோருக்கும் ஊற்றுவது அவள்தான். எல்லோருக்கும் ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். அவள் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றித் தர, ஆளுக்கு ஒருமுறை உறிஞ்சித் திருப்பித் தர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு கதையளந்தால், "அது என்ன மைக்கா?" என்பாள். கழிவறைக்குப் போனால்கூடப் பிளாஸ்க் அவள் கக்கத்தில்தான் இருக்கும்.

ஒருநாள் குடுவை கீபோர்டில் கவிழ்ந்து அன்றைய வேலையெல்லாம் நாசமானது. அன்றே சட்டம் போட்டாள்: குடுவையைத் தொடும் முன் 'எல்லாவற்றையும் சேமி' என்ற பொத்தானை அழுத்தியாக வேண்டும். அந்தச் சட்டத்தை அவளைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் யாரும் இல்லை.

இப்படியிருக்க, அவள் எழுதியது காணாமல் போக ஆரம்பித்தது. அவர்கள் கையேடு எழுதும் மென்பொருளான எக்ஸ்எம்எல் எடிட்டரில் ஒவ்வோர் எச்சரிக்கையும் ஒரு தனிச் சின்னக் கோப்பு. கையேடு என்கிற பெரிய கோப்பு இணைப்பு வழியாக அவற்றை இழுத்துக் காட்டும். "கழுவிய பின் மின்சாரத்தைத் துண்டிக்கவும்" என்று ஆளைக் கொல்லும் ஒரு வரி கிடந்தது. அதைச் சின்னக் கோப்பில் "கழுவும் முன்" என்று திருத்துவாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பழையபடி "கழுவிய பின்" என்று இளிக்கும்.

அவள் சந்தேகமெல்லாம் எதிர் மேசை வாஷிங்டன் பீரிஸ் மேல்தான்.

"ஏம்பா வாஷிங்டன், என் வரிய எதுக்குத் திங்கற?"

"நான் ஏன் திங்கறேன் சுல்மாம்மா? எனக்கு மதியத்துக்குப் பொரிச்ச கறி மிலனேசா இருக்கே."

"இந்தக் கோப்பத் தொடறது நாம ரெண்டே பேரு. நான் அழிக்கல. அப்ப யாரு?"

மேலாளர் அதெமார் சமாதானம் பேச வந்தார். சுல்மா விடுவாளா?

"இவன் கையே படாம அந்த வரி அழியட்டும், இந்தப் பிளாஸ்க்க இவன்கிட்டயே குடுத்துடறேன்!"

மதியமே பரீட்சை வைத்தார்கள். வாஷிங்டனின் கம்ப்யூட்டரை அணைத்து, அவனை நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தலைமேல் வைத்து உட்கார வைத்தார்கள். சுல்மா எப்போதும்போல் பெரிய கையேட்டைத் திறந்து வைத்து அதில் ஏதோ தட்டினாள். பிறகு சின்னக் கோப்பைத் திறந்து வரியைத் திருத்தி, சேமித்தாள். "கழுவும் முன்" என்பது சமர்த்தாக நின்றது.

"பாத்தீங்களா? திருடனக் கட்டிப் போட்டதும் திருட்டு நின்னுபோச்சு!"

வெற்றியைக் கொண்டாட மாத்தே ஊற்ற வேண்டாமா? பிளாஸ்க்கைக் கையில் எடுத்தாள். தன் சட்டப்படி 'எல்லாவற்றையும் சேமி'யை அழுத்தினாள். திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. பிளாஸ்க் பிடித்த கையின் விரல் முட்டியால் என்டர் பொத்தானின் மண்டையில் ஒரு தட்டு. பெட்டி போயிற்று.

அதெமார் குனிந்து சின்னக் கோப்பைத் திறந்தார். "கழுவிய பின்னுன்னுதானே இருக்கு?"

"கைய எறக்கலாமா?" என்றான் வாஷிங்டன். "மரத்துப்போச்சு."

"இப்பப் பண்ணதையே இன்னொரு தடவ பண்ணுங்க" என்றார் அதெமார். சுல்மா முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். பெட்டி வந்தது. முட்டி கீழே இறங்கும்போது வாஷிங்டன் கத்தினான்.

"நில்லுங்க! அது என்ன பெட்டி?"

"அதுவா? தினமும்தான் வருது."

"என்ன கேக்குது?"

"யாரு கண்டா? அதையெல்லாம் யாரு படிக்கறா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதெமார் பெட்டியை உரக்கப் படித்தார்: "இந்தக் கோப்பு வேறிடத்தில் மாற்றப்பட்டுள்ளது. உங்களிடமுள்ள பழைய பிரதியை அதன்மேல் எழுதட்டுமா?" வரியைத் திருத்தும் முன்பே அவள் திறந்து வைத்த பெரிய கையேடு பழைய வரியை வயிற்றில் வைத்திருந்தது. எல்லாவற்றையும் சேமிக்கச் சொன்னதும் அதைக் கக்கியது. சரி என்று தினமும் அனுமதி கொடுத்தது சுல்மாவின் முட்டிதான்.

ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சுல்மாவும் சிரித்தாள். ஆனாலும் உள்ளே சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமாகத் தன்னைப் போன்றவர்களுக்கா எழுதிக்கொண்டிருந்தோம்?

பெரிய கையேட்டை மூடிவிட்டு வரியைத் திருத்தினாள். நின்றது. சொன்ன சொல் தவறாதவள், மறுநாள் காலை பிளாஸ்க்கை வாஷிங்டனின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அதன் வயிற்றில் கொட்டை எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள்: "தண்ணீர் கொதிக்கக் கூடாது. இதைப் படித்த பிறகே ஊற்றவும்."

அவன் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஊற்றி, முதல் குடுவையைப் பெருமையோடு அதெமாரிடம் நீட்டினான். நாக்கு வெந்துபோன அதெமார் ஜன்னல் பக்கம் ஓடினார்.

"அதுல எழுதி ஒட்டியிருந்தேனே?" என்றாள் சுல்மா.

"எதுல?" என்றான் வாஷிங்டன்.

அவள் பிளாஸ்க்கை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினாள். வாய் வெந்தவர் உட்பட யாரும் தடுக்கவில்லை.