இரண்டு மஞ்சள் குழிகள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு; அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள் ஒரே மஞ்சள். அந்த மஞ்சளால் என் வேலையே போகவிருந்தது. காரணம், வண்டிப்பெரியாரில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் என் சித்தி.

தோட்டத்துப் பெண்களின் ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதத்தை அளக்கும் ஆய்வு அது. உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். கூடுதலாக இருந்தால் குழியில் மஞ்சள் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். முகாமிலிருந்து வரும் ரத்தத்தைப் பிரித்துக் குப்பிகளில் ஊற்றுவது நான். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு அளவு அச்சாக ஒன்றுபோல வந்ததும், ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு குப்பியிலும் ஊற்றிவிட்டாய் என்றார் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா. திரும்பச் செய்தேன், அதே மஞ்சள். திங்கட்கிழமைக்குள் காரணம் சொல், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் ஊற்றியதில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியுமே! பதிவேட்டைப் புரட்டினால், ஒரு எண் சித்தியுடையது. மற்றது அவளோடு கொழுந்தெடுக்கும் பக்கத்து வீட்டுத் தோழியுடையது.

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். டீ நீட்டிய சித்தியின் இரண்டு கை மடிப்பிலும் ஊசி குத்திய நீலம்.

"என்ன சித்தி, ரெண்டு கையிலயும்?"

"அவளுக்கு ஊசின்னா பயம்ட்டி. அவ பேரைக் கூப்பிட்டாங்க, அடுத்த மேசைல நானே போயி உக்காந்துட்டேன். பெரட்டுல அவ வர லேட்டானா நான்தானே பேரு குடுக்கேன்?"

காலையில் கங்காணி பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. ஒருத்திக்காக இன்னொருத்தி குரல் கொடுப்பது அங்கே வழக்கம். ரத்தத்துக்கும் அதையே செய்திருக்கிறாள் புண்ணியவதி! கோபமாக வந்தது, அதைவிடச் சிரிப்பாக வந்தது. விஷயத்தைக் கேட்டு டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் வேலை தப்பியது.

மறுவாரம் சித்தி தோழியின் கண்ணைப் பொத்திக்கொள்ள, நர்ஸ் ரத்தம் எடுத்தார். அவளுடைய குழி ஏறக்குறைய தண்ணீர் நிறத்தில் நின்றது. கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறதென்று அவள் சொன்னபோதெல்லாம், சோம்பேறி என்று கங்காணி திட்டியிருக்கிறார். சித்திதான் ஆடிப்போனாள்.

"என் ரத்தத்தைக் குடுத்து இவளைக் கொல்லப் பாத்தேனேட்டி!"

தோழிக்கு இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியது. ஆறு மாதம், ஒரு வேளை தவறாமல், சித்தியே எதிரில் நின்று விழுங்கவைத்தாள்.

போன மாதம் மறுபடி அளந்தோம். அந்தத் தட்டின் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இருவரும் பார்க்க வந்தார்கள்.

"ரெண்டும் மஞ்சளாத்தானே இருக்கு? சத்தியமா இந்தத் தடவ நான் குடுக்கல!" என்று பதறினாள் சித்தி.

"இல்ல சித்தி, நல்லாப் பாருங்க. அவங்களோடது உங்களோடதைவிட ஒரு பொட்டுக் கூடுதல்."

தோழி ஜாக்கெட் கையை மேலே சுருட்டிக்கொண்டாள்.

"அப்படின்னா அடுத்த தடவ இவளுக்கும் சேத்து நான் குடுக்கேன்."