மடித்திருந்த இலை

என் மகளின் கல்யாணப் பேச்சு முறிந்துபோகப் பார்த்தது. காரணம், எனக்குப் பேய்ப் படம் பிடிக்கும்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி மடித்துப் பாக்கெட் போடுகிறேன். வெள்ளிக்கிழமை லீவு. புதுப் படம் வருவதும் வெள்ளிக்கிழமைதான். இந்த வயதில் ஒருத்தி தனியாகப் பேய்ப் படத்துக்குப் போனால் சிரிப்பார்களே என்ற கூச்சத்தில் உள்ளூர்த் தியேட்டர் பக்கம் போக மாட்டேன். பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் மேட்னி பார்ப்பேன். வீட்டில் கேட்டால் மடவார் வளாகம் கோயிலுக்குப் போகிறேன், வயிற்றுவலிக்கு வேண்டுதல் என்பேன். வைத்தியநாதர் கோயில் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. திரும்பும்போது டிக்கெட்டை பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, கடையில் வாங்கிய விபூதியை மகள் நெற்றியில் பூசுவேன்.

சின்ன வயதில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படங்களில் பேய்க்கு அவசரம் கிடையாது. முதலில் விளக்கு அணையும், பிறகு ஜன்னல் அடிக்கும், பிறகு ஒரு முழுப் பாட்டுப் பாடிவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கும். இன்று பிள்ளைகள் அதைக் கேலி செய்கிறார்கள். எனக்கு இப்போதும் அந்தக் காத்திருப்புதான் பிடிக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மந்திரவாதியும் எலுமிச்சம்பழமும் வந்துசேர்ந்தன. மந்திரவாதி வந்ததுமே கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்துபோகும், பயம் போய்விடும். அதற்குப் பிறகு டிவியிலும் லிஃப்டிலும் பேய் வந்த படங்கள்தான் என்னை நிஜமாகவே தூங்கவிடாமல் செய்தவை. நாம் தினமும் தொடும் சாமானுக்குள்ளேயே அது இருந்தது. பங்களாவுக்குள் பத்துப் பேர் விழுந்தடித்து ஓடும் சிரிப்புப் பேய்ப் படங்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்போதைய படங்களில் காதருகே இடி மாதிரி சத்தம் வைக்கிறார்கள். குக்கர் விசிலுக்கும்தான் தூக்கிவாரிப்போடுகிறது. அதைப் பயம் என்று சொல்ல முடியுமா? பேய்க்குச் சுற்றும் பேண்டேஜ் வேறு. வெட்டிய துணி என்றால் ஓரத்தில் நூல் பிரியவேண்டும். ஒரு படத்திலும் பிரிந்து நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நான் யாரிடமும் பேசியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அதற்கு முன் இரண்டு வரன்களை வேண்டாம் என்ற மகள், இந்தப் பையனின் போட்டோவை மட்டும் போனிலிருந்து அழிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா, லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று என்னிடம் கேட்டார். புதுமனிதர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பழகிய பொய்தான் வந்தது. "வெள்ளிக்கிழமைன்னா மடவார் வளாகம் போயிருவேன், மதினி." அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதன்பிறகு பத்து நாள் போன் வரவில்லை. மகள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை முற்பகல், நான் சேலை மாற்றி மேட்னிக்குக் கிளம்பியிருந்த நேரம், அந்த அம்மா தனியாக வந்து வாசலில் நின்றார். என் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சோறு சாப்பிட மாட்டார்கள். காப்பி குடிப்பார்கள். அன்று அவர் காப்பியையும் தொடவில்லை.

"கோயிலுக்குக் கெளம்பிட்டீங்களோ?"

"ஆமா, மதினி."

"நானும் வெள்ளிக்கிழமை தவறாம அங்க போறவதான். ஒரு நாளும் உங்க முகத்தப் பாக்கலையே."

"நான் மத்தியானம் போவேன்."

"மத்தியானம் நடை சாத்திருவாங்க."

என் கை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "மதினி, மனசுல வச்சுக்கிட்டுப் பேச எனக்குத் தெரியாது. புள்ளத்தாச்சிக்கு சுகப்பிரசவம் ஆகணும்னு வேண்டுற கோயில் அது. கல்யாணமாகாத பிள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு ஒரு தாய் வாராவாரம் அங்க போறேங்கா. அங்க போனாலும் ஆளக் காணோம். என்ன ஏதுன்னு நான் கேக்கணுமா, வேண்டாமா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அந்த வேண்டுதல் எனக்கும் தெரிந்ததுதான். என் வயிற்றுவலிப் பொய் மகளின் வயிற்றில் போய் விழும் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

"படத்துக்குப் போவேன்," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "பேய்ப் படத்துக்கு. தனியா."

"பேய்ப் படமா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேச மாட்டேங்கிறீங்க. நீங்க பேய்ப் படம் பாக்கீங்களாக்கும்! சரி, போன வாரம் பாத்த கதையச் சொல்லுங்க, கேப்போம்."

காட்டுவதற்கு ஒரு டிக்கெட்கூட என்னிடம் இல்லை. அடுப்படி நிலையில் மகளின் நிழல் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன்.

"ஒரு மருமக. மாமியா செத்து ஒரு வருசம். அவிய இருந்த ரூம்புல இலை போட்டு, அவியளுக்குப் பிடிச்சதெல்லாம் வச்சுப் படைக்கா. கதவச் சாத்திட்டு வெளிய உக்காந்திருக்கா. வீட்டுல வேற யாரும் இல்ல. ரூம்புக்கு ஜன்னலும் இல்ல."

"ம்."

"செத்த நேரங்கழிச்சுக் கதவத் தொறக்கா. சோறு கொறையல, மதினி. ஒரு பருக்க செதறல. ஆனா இலை மடிச்சிருக்கு."

அவர் கால்களை மடக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கமா?"

"உள்பக்கமா. தன்னப் பாத்து."

விசேஷ வீட்டில் சாப்பிட்டவர்கள் அப்படித்தான் மடிப்பார்கள். உறவு தொடரவேண்டும் என்று அதற்கு அர்த்தம். துக்க வீடு என்றால் எதிர்ப்பக்கம் மடிக்கவேண்டும். படத்தில் அந்த இடத்தில் சத்தமே கிடையாது. இலையை மட்டும் வெகுநேரம் காட்டுவார்கள். "அங்க போயி ஒரு இடியப் போட்டிருந்தா படம் வீணாப் போயிருக்கும்," என்று நானே சொல்லிக்கொண்டு போனேன். கறுப்பு வெள்ளையில் தொடங்கி, மந்திரவாதி, லிஃப்ட், நூல் பிரியாத பேண்டேஜ் வரை எல்லாம் வந்தது. அவ்வளவு பேச்சு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

நான் நிறுத்தியபோது அந்த அம்மா கொல்லைப்புறக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியில் ஆடை படிந்திருந்தது.

"ஏட்டி," என்று அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார். மகளை அதற்கு முன் அவர் அப்படி அழைத்ததில்லை. "அந்தக் கொல்லைக் கதவச் சாத்து மொதல்ல. இன்னைக்கு என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு, அத்தை."

"போடு. உங்கம்மா சொன்ன கதையக் கேட்டுட்டு இனி தனியா பஸ் ஏறிப் போக முடியாது. சாப்ட்டுட்டு உங்கப்பா வாரவரைக்கும் இருந்து தேதி பேசிட்டுத்தான் போவேன்."

மகள் இலை போட்டாள். பரிமாறிக்கொண்டே, என் காதில் மட்டும் விழும்படி, "ஏம்மா, என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள்.

அந்த அம்மா மோர் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இலையின் மேல் பாதியைப் பிடித்து மெதுவாகத் தன் பக்கமாக மடித்தார்.

நிம்மதியில் கண் நிறைந்தது. ஆனாலும் முதுகில் ஏதோ சில்லென்று ஊர்ந்தது.