சந்தையில் மீட்ட சுட்டி

எங்கள் குடும்பத்தில் ஏமாந்தவர் யார் என்று பேச்சு வந்தால் இன்றைக்கும் எல்லோரும் சித்தப்பாவைத்தான் கைகாட்டுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், கரிசலில் மழை பொய்த்த ஒரு வருஷம், சித்தி தாய்வீட்டுச் சீராகக் கொண்டுவந்த செம்மறியை விற்கும்படி ஆயிற்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் அதற்குப் பெயரே சுட்டி. விற்ற பிறகு சித்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுவருஷம் தீபாவளிக்கு முன்னால், கூரைக்கு ஓடு மாற்றுவதற்கென்றே வளர்த்த கிடாயை அவர் சந்தைக்கு ஓட்டிப்போனார். திரும்பி வந்தபோது கையில் காசு இல்லை. கயிற்றில் ஒரு கிழட்டு ஆடு, நெற்றியில் சுட்டியோடு.

அப்பா பலசரக்குக் கடைக்காரர். தராசில் ஏறாத எதுவும் அவருக்குப் பொருளே அல்ல.

"ஏலே, புத்தி கெட்டுப்போச்சா? கொழுத்த கிடாயக் குடுத்துட்டு, பல்லுபோன ஆட்டப் புடிச்சிட்டு வந்திருக்கியே!"

"ஒங்களுக்குக் கிடாய் பெருசு. எனக்கு இது பெருசு. இதுல என்னண்ணே தப்பு?"

அப்பா கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒருத்தர் மனசுக்கு இன்னொருத்தர் எப்படி விலை வைப்பது? சித்தப்பா ஜெயித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சித்தி ஓடிவந்து ஆட்டைக் கட்டிக்கொண்டாள். நானும் தடவப் போனேன். லீவு நாட்களில் சித்தியோடு மேய்ச்சலுக்குப் போகிறவள் நான். எங்கள் ஆடுகளுக்கு, சுட்டிக்கும் சேர்த்துத்தான், அடையாளமாக வலது காதில் வெட்டு இருக்கும். இதற்கு இடது காதில் இருந்தது. சின்ன வயதிலேயே தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய்விட்ட சித்தப்பாவுக்கு நெற்றியைத் தவிர வேறென்ன தெரியும்? அப்பாவிடம் தோற்காத மனிதர் தன் கணக்கிலேயே தோற்றிருந்தார், பாவம்.

"சித்தி, காது..." என்றேன்.

"ஏட்டி, சும்மாரு." என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அடைமழையில் வீடு ஒழுகியது. ஆட்டையும் உள்ளே கட்டியிருந்தார்கள். சொட்டும் இடமெல்லாம் பாத்திரம் வைத்தபடியே சித்தி, "சுட்டி, சுட்டி" என்று கூப்பிட்டாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்மள மறந்துட்டோ?" சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது.

"நாளாயிட்டுல்லா. பழகிரும்," என்றாள் சித்தி.

தெரிந்தே பொய் சொல்கிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்த யார்வீட்டு ஆட்டையோ தடவிக்கொண்டு அவள் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.